டாக்டரின் சுண்டுவிரல்

மெரில் ஹாக் தன் நாற்பத்தொன்பதாவது வயதில், வாரத்துக்கு ஐந்து நாள், முகம் முழுக்கக் கட்டுப் போட்டுக்கொண்டு சம்பளத்துக்குப் படுத்துக்கிடந்தார். இரும்புக் கட்டில். தலைக்கு மேலே நான்கு பெரிய விளக்குகள். மூக்கு நுனி அரிக்கும், சொறிய முடியாது. நினைவில்லாமல் கிடக்கிற ஆள் மூக்கைச் சொறிந்தால் அது நாடு முழுக்கத் தெரிந்துவிடும்.

நியூயார்க்கில் எடுத்து, தினமும் பகல் இரண்டு மணிக்குத் தொலைக்காட்சியில் ஓடிய தொடர் அது. பெல்ஹேவன் என்று இல்லாத ஓர் ஊர், அந்த ஊரில் ஓர் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியில் டாக்டர் கிராண்ட் ஹோலிஸ். பதின்மூன்று வருஷமாக அந்த டாக்டர் மெரில்தான்.

அவர் பிறந்தது வடக்கு டகோட்டாவில், ரயில் நிற்பதால் மட்டுமே ஊர் என்று சொல்லத்தக்க ஓர் இடத்தில். அப்பாவுக்குத் தானியக் கிடங்கில் வேலை. ஒன்பது வயதில், கிடங்கின் இரும்புக் கதவு மெரிலின் இடது கைச் சுண்டுவிரலை நசுக்கிவிட்டது. வெளியே பனி, வைத்தியர் இருபது மைல் தள்ளி. அம்மாவே குச்சி வைத்துக் கட்டினாள். எலும்பு கூடியது, ஆனால் கொக்கி மாதிரி வளைந்து கூடியது.

பதினேழு வயதில், அப்பாவோடு கிடங்கில் கோதுமை தள்ளிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. போருக்குப் போன அண்ணன் இறந்துவிட்டான். அப்பா தந்தியைப் படித்தார், நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இன்னும் எத்தன வண்டி பாக்கி?" என்று கேட்டார். அவ்வளவுதான். மெரில் அதை மன்னிக்கவில்லை. ஒரு மனிதன் இப்படியும் இருப்பானா என்று ரொம்ப நாள் நினைத்தார். இருபத்திரண்டு வயதில் பேருந்து ஏறி நியூயார்க் வந்ததற்கு நடிப்பு ஆசை ஒரு காரணம் என்றால், அந்த வீட்டின் வாய்திறவாமை இன்னொரு காரணம்.

வந்த பிறகு எல்லா நடிகர்களுக்கும் நடந்ததுதான் நடந்தது. ஓட்டலில் தட்டுத் தூக்கினார். மேடையில் தட்டுத் தூக்குகிற வேலைக்காரனாக வந்தார். கோடைக்காலக் கொட்டகைகளில் வாரம் ஒரு நாடகம் மனப்பாடம் செய்து, அடுத்த வாரம் மறந்தார். ஒரு கௌபாய் படத்தில் கூரை மேலிருந்து சுடப்பட்டு விழுந்தார். ஊர்க் கொட்டகையில் அம்மா அடுத்தடுத்து இரண்டு காட்சி பார்த்தாளாம். மகன் வரவேயில்லை. அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள்.

முப்பத்தாறாவது வயதில், மூன்றே நாள் வேலை என்று சொல்லி அந்தத் தொடருக்குக் கூப்பிட்டார்கள். ஒரு குடும்பத்திடம் "எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்" என்று சொல்ல ஒரு டாக்டர் வேண்டும். மெரில் தலையை லேசாகச் சாய்த்தார், அந்த அம்மாளின் தோளில் இடது கையை வைத்தார், சொன்னார். மறு வாரம் கடிதங்கள் குவிந்தன. அந்த டாக்டர் யார், அவர் விரலுக்கு என்ன ஆயிற்று, அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?

கெட்ட செய்தி சொல்லவே செய்து வைத்த முகம் என்று தயாரிப்பாளர் கிளாடிஸ் ஆட்கின்ஸ் கண்டுகொண்டாள். அதன் பிறகு பெல்ஹேவனில் யார் செத்தாலும் மெரில்தான் சொன்னார். மளிகைக் கடையில் பெண்கள் அவரை ஓரமாகக் கூப்பிட்டு முழங்கை மச்சத்தைக் காட்டினார்கள். ஒருத்தி எக்ஸ்ரே படத்தையே கொண்டுவந்து, கடை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். "நான் டாக்டர் இல்லம்மா" என்று அவர் சொன்னால், "அடக்கத்தப் பாரு" என்று சிரித்தார்கள்.

ஒப்பந்தமும் ஒரு தினுசானது. பதின்மூன்று வாரத்துக்கு ஒருமுறை கம்பெனி நினைத்தால் அவரை அனுப்பலாம். அவர் நினைத்தால் போக முடியாது. எலிப்பொறிக்குக் கதவு உண்டு, ஆனால் அது எலி கையில் இல்லை.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில்தான் ரூபன் ஷார் என்கிற இளம் இயக்குநர் ஒரு புது நாடகத்தை மெரிலிடம் கொண்டுவந்தான். தேவாலயம் ஒன்றின் நிலவறையில் தொண்ணூறு நாற்காலி போட்ட மேடை. கதையில் ஒரு விவசாயி. மூன்றாம் அங்கத்தில் ஒருவன் வந்து, மகன் செத்துப்போனான் என்று அவனிடம் சொல்கிறான். அதற்குப் பிறகு விவசாயிக்குப் பத்து வரிகூட வசனம் கிடையாது.

மெரில் அதைச் சுரங்க ரயிலில் படித்தார். இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி மூன்று நிலையம் போய்விட்டார். இத்தனை வருஷம் மற்றவர்களுக்குச் செய்தி சொன்னவருக்கு, ஒரு தடவை வாங்கிக்கொள்கிற இடம். அந்த விவசாயியை வேறு யாரும் செய்யக் கூடாது என்று தோன்றியது. வேறு எதையும் அவர் வாழ்க்கையில் அப்படி விரும்பியதில்லை.

ஒத்திகை பகலில், நான்கு வாரம். அவர் மேல்மாடியில் இருந்த கிளாடிஸின் அறைக்குப் போனார்.

"ரெண்டு மாசம் விடுங்க மேடம். திரும்பி வந்துடறேன்."

"மேடைக்குப் போனவன் எவன் திரும்பி வந்திருக்கான்?" என்றாள் கிளாடிஸ். அறுபது வயது, விரலிடுக்கில் சிகரெட். "சரி, உனக்காக ஒண்ணு செய்யறேன். டாக்டரோட கார் பாலத்துல மோதுது. நினைவில்ல. நாலு வாரம் ஒரு வரிகூட வசனம் கெடையாது. சந்தோஷமா?"

"அப்ப நான் வரவேணாமா?"

"வராம? படுக்கைல யாரு கிடக்கறது, உன் மாமனா? கட்டு முகத்துக்குத்தான், கைக்கு இல்ல. அந்தச் சுண்டுவிரலப் பாக்கத்தான் பாதிப் பொம்பளைங்க டிவி போடறாளுங்க."

அன்று மாலை வீட்டில் மனைவி லவோன் உருளைக்கிழங்கு பிசைந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"படுத்துக்கிட்டே சம்பாதிக்கிற ஆம்பளய நான் பார்த்ததே இல்ல. பேசாமக் கிட."

"மூச்சு முட்டுது லவோன்."

"பதிமூணு வருஷமா சொல்ற. மூச்சு விட்டுக்கிட்டுத்தான இருக்க?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணமான முதல் எட்டு வருஷம், தொப்பிக் கடையில் நாள் முழுக்க நின்று இவரைக் காப்பாற்றியவள் அவள்.

கார்மைன் டெலூக்கா அப்போதுதான் உள்ளே வந்தான். மெரிலின் பழைய அறைத்தோழன், முப்பது வருஷமாகத் துணை நடிகன். கூட்டத்தில் நடப்பான், தூரத்து மேசையில் காபி குடிப்பான், வாயைத் திறந்ததில்லை. வசனம் தந்தால் சம்பளம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பதால் யாரும் தந்ததில்லை. உயரமும் உடம்பும் மெரில் மாதிரியே.

"கட்டுக்குள்ள எந்த மூஞ்சி இருந்தா என்ன டாக்டரே?" என்றான், விஷயத்தைக் கேட்டதும். "செவ்வாயும் வியாழனும் நான் படுக்கறேன். சும்மா கிடக்கறதுல எனக்கு முப்பது வருஷ அனுபவம்."

ஒப்பனை அறையில் கட்டுச் சுற்றுகிற ஓபல் மறுபேச்சில்லாமல் சம்மதித்தாள். கார்மைனின் இடது கையைப் போர்வைக்குள் செருகி, "இத மட்டும் வெளிய எடுத்த, நானே முறிச்சிருவேன்" என்றாள். கேமராக்காரர்களுக்கும் தெரியும். யாரும் மேல்மாடிக்குச் சொல்லவில்லை.

இப்படியாக, வாரத்தில் இரண்டு நாள் மெரில் நிலவறைக்கு ஓடினார். அங்கேதான் அவர் நினைத்துப் பார்க்காத சங்கடம் காத்திருந்தது.

செய்தி கொண்டு வருகிற நடிகன் சொல்லுவான். உடனே மெரிலின் தலை லேசாகச் சாயும். இடது கை எழுந்து அவன் தோளில் போய் உட்காரும். கண்ணில் ஒரு கனிவு வரும்.

"நிறுத்துங்க," என்றான் ரூபன். "மெரில், செத்தது உங்க பையன். நீங்க எதுக்கு அவனுக்கு ஆறுதல் சொல்றீங்க?"

"சொல்லலயே."

"சொல்றீங்க. உங்க கை சொல்லுது."

மறுபடி செய்தார்கள். கை எழுந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு செய்தார், தலை சாய்ந்தது. தலையை நிமிர்த்தினால் கண் கனிந்தது. பதினோராவது தடவை ரூபன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்: "உள்ள டாக்டர் உக்காந்திருக்காரு. அவர எறக்கிவிடுங்க, இல்லன்னா நான் வேற ஆளப் பாக்கணும்."

மற்ற மூன்று நாளும் மெரில் கட்டுக்குள் கிடந்து அதையே யோசித்தார். பஞ்சின் ஓட்டை வழியாக விளக்கு தெரியும். தன் மூச்சே தன் முகத்தில் சூடாக அடிக்கும். கட்டிலிலிருந்து எழுந்து போய்விடலாம். இந்த ஆளிடமிருந்து எப்படி எழுந்து போவது? வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே செய்தி சொல்லிப் பார்த்தார். கண்ணாடியில் டாக்டர் ஹோலிஸ் மிகுந்த வருத்தத்தோடு அவரைப் பார்த்தார்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை பெரிய காட்சி. டாக்டரின் மனைவியாக வருகிற நடிகை கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு, "கிராண்ட், நான் பேசறது கேக்குதா? ஒரே ஒரு தடவ சொல்லு, கேக்குதுன்னு" என்று அழ வேண்டும். நன்றாக அழக்கூடியவள். அழுதாள். போர்வை அசைந்தது. ஓர் இடது கை மெல்ல வெளியே வந்து அவள் கன்னத்தைத் தொட்டது. தொடரில் எதையும் இரண்டாம் முறை எடுக்க மாட்டார்கள், நேரமில்லை. அப்படியே போயிற்று.

அன்று மாலை கார்மைன் மெரிலின் வீட்டுச் சமையலறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏண்டா எடுத்த? ஏன்?"

"எம் மூஞ்சிக்கு நேரா அழுதாடா. முப்பது வருஷத்துல என்னப் பாத்து ஒருத்தரும் அழுததில்ல. ஒருத்தி கேக்குறா, கேக்குதான்னு. பதில் சொல்லாம எப்படிக் கெடக்கறது? கை தானா எழுந்துருச்சு மெரில்."

மெரிலால் கோபப்பட முடியவில்லை. கை தானாக எழுவது அவருக்குத் தெரியாததா?

அந்தக் காட்சி மறு வாரம் ஒளிபரப்பானது. இரண்டே நாளில் கடிதங்கள் வரத் தொடங்கின. டாக்டர் கையை அசைத்துவிட்டார் என்று நன்றி சொல்லி வந்தவை கொஞ்சம். விரல் எப்படி நேராயிற்று என்று கேட்டு வந்தவை ஒரு சாக்கு. ஒஹையோவிலிருந்து ஒரு கிழவி படமே வரைந்து அனுப்பியிருந்தாள்.

கிளாடிஸ் கூப்பிட்டு அனுப்பினாள். சாக்கு அவள் மேசை மேல் இருந்தது. மெரில் கார்மைனின் பெயரையோ ஓபலின் பெயரையோ சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு போயிருந்தார். அவள் கேட்கவேயில்லை. எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள். தலையை லேசாகச் சாய்த்தாள். அவர் தோளில் கை வைத்தாள்.

"மெரில்," என்றாள், "வெள்ளிக்கிழமையோட பதிமூணு வாரம் முடியுது. அடுத்த மாசம் கட்டு அவிழ்க்கறோம். முகத்துக்கு ஆபரேஷன் பண்ணாங்கன்னு வெச்சுக்கிறோம். வேற நடிகர் வராரு."

அவருடைய தலை, அவருடைய கை, அவருடைய குரல். பதின்மூன்று வருஷம் பார்த்துப் பார்த்து அவளுக்கும் தொற்றிக்கொண்டிருந்தது. கேலியாகச் செய்யவில்லை. கெட்ட செய்தி சொல்ல அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை.

இதைத்தானே அவர் கேட்டார்? குதிக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. அவள் காலணியில் ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மத்தியானச் சாப்பாடு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார்.

"என்னது?"

"ஹாம் சாண்ட்விச் சொல்லியிருந்தேன். இல்லேன்னா சொல்லணும்."

சொன்ன பிறகுதான் அந்தக் குரல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்தது. வேலை போவதும் பிள்ளை போவதும் ஒன்றல்ல. ஆனாலும் அந்தக் குரல் அதுதான். இன்னும் எத்தன வண்டி பாக்கி?



நான்கு நாள் ஆகியும் அவர் வீட்டில் சொல்லவில்லை. லவோன் பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாள்.

"பதிமூணு வருஷமா ஊருக்கெல்லாம் சாவு சொன்ன. பொண்டாட்டிகிட்ட ஒரு வேல போன சேதி சொல்ல வாய் வரலயா?"

"வரல."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டாள். "தொப்பிக் கடை இன்னும் இருக்கான்னு பாத்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். ஓங்கிச் சாத்தியிருக்கலாம்.

நாடகம் தொடங்கிய அன்று தொண்ணூறு நாற்காலியும் நிறைந்தது. பாதிக்கு மேல் பெல்ஹேவன் பெண்கள். அவருக்கு என்ன ஆயிற்றென்று பார்க்க, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்திருந்தார்கள். முதல் அங்கத்தில் அவர் விவசாயியின் கிழிந்த கோட்டோடு நுழைந்ததும், "கட்டு அவுத்துட்டாங்க!" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. ரூபன் திரைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டான். மெரிலுக்கு விளக்குச் சூடு முகத்தில் அடித்தது. கட்டிலில் கிடந்தபோது அடித்த அதே சூடு.

மூன்றாம் அங்கம் வந்தது. செய்திக்காரன் நுழைந்தான். சொன்னான்.

மெரில் அவன் செருப்பைப் பார்த்தார். ஓரத்தில் மண் ஒட்டியிருந்தது. ஏதோ கேட்க வாயைத் திறந்து, கேட்காமல், மண்வெட்டியை எடுத்துச் சுவரில் நேராகச் சாய்த்து வைத்தார். அது சரிந்தது. மறுபடி வைத்தார்.

கூடத்தில் ஒரு பொட்டலம்கூடச் சரசரக்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு வயதான அம்மாள், தன்னை மறந்து, உரக்கவே சொல்லிவிட்டாள்:

"ஐயோ பாவம் டாக்டர். அவர்கிட்ட யாராவது போங்களேன்."

டாக்டர்தான், இன்னும். ஆனால் மெரிலின் இடது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது. எழுந்து வரவில்லை.