பன்னிரண்டு மணிச் சோறு

நான் புருஷனுக்கு முன் சாப்பிட்டவள். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. அறுபதுகளில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெரு முழுக்க, இது பெரிய கதையாக ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் கணவர் திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் கால்மணித்தியாலத்தில் சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆனால் தேயிலை ஏற்றக் கப்பல் நின்றால் வர மூன்று மணி, சிலநாள் நாலு மணி ஆகும். அவர் வரும்வரை சோற்றுப்பானையை யாரும் தொடுவதில்லை. தொடக்கூடாது என்று வாயால் யாரும் சொன்னதுமில்லை. அவருடைய தாய், என் மாமி, காத்திருந்தார், நானும் காத்திருந்தேன். பசித்தால் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிப்போம். அவர் வந்து சாப்பிட்டு எழும்பும்போது பசி செத்துப்போயிருக்கும். குசினியில் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப்போட்டுக்கொண்டு சட்டி கழுவப் போய்விடுவேன். ஆறு வருடம் இப்படித்தான்.

முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போனது. இரண்டாவது வயிற்றில் நின்றபோது, கிளினிக்கில் மருத்துவமாது என் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு அதட்டினார்.

"உடம்பில இரத்தமே இல்லை. மத்தியானச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. இந்தமுறையும் பிழையாப் போச்செண்டா பிள்ளையோட உங்களையும் காப்பாத்த ஏலாது."

ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அடுத்தநாள் கப்பல் நின்றது. சங்கு ஊதியது. பானை மூடியைத் திறந்தேன், ஆவி முகத்தில் அடித்தது, திரும்பவும் மூடிவிட்டேன். மாமி ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் கைதான் கேட்கவில்லை. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு மூன்று நாள் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். என்னைப்போல மடைச்சி ஒருத்தி இருந்திருக்க மாட்டாள்.

நாலாம்நாள் இரண்டு மணிபோல, கணவரோடு வேலை செய்யும் கிண்ணியா ஊர்க்காரர் ஒருவர் தயிர்ச்சட்டியோடு வந்தார். அவருக்கு அன்று அரைநாள் வேலை. முகம் வாடி நின்ற எங்களைப் பார்த்து, "என்ன தங்கச்சி, சுகமில்லையா?" என்றார்.

"இன்னும் சாப்பிடேல்லை. இவர் வரட்டும் எண்டு இருக்கிறம்."

"அவரா? அவர் பன்னிரண்டுக்கே எங்களோட சாப்பிட்டாரே. கப்பல் நின்டா எந்நாளும் கன்ரீன்லதானே சாப்பாடு."

தயிர்ச்சட்டியை வாங்கி உள்ளே வைத்தேன்.

மூன்று மணிக்குக் கணவர் வந்தார். நான் சோறு போட்டேன். பிசைந்தார், விழுங்கினார், தண்ணீர் குடித்தார், திரும்பவும் விழுங்கினார். அன்றைக்குத்தான் அவர் சாப்பிடுவதை உண்மையாகப் பார்த்தேன்.

"இஞ்சருங்கோ, மத்தியானம் கன்ரீன்ல சாப்பிட்டனீங்களோ?"

அவர் கை நின்றது. "ஓம். நீங்கள் ரெண்டு பேரும் பாத்துக்கொண்டிருப்பீங்கள். சாப்பிட்டிட்டன் எண்டு சொன்னா மனவருத்தப்படுவீங்கள் எண்டுதான்…"

நாங்கள் அவருக்காகப் பட்டினி கிடக்க, அவர் எங்களுக்காக இரண்டாந்தரம் விழுங்கியிருக்கிறார். ஆறு வருடம். இதைப் பாசம் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாத பாசம் யாருக்கு வேண்டும்?

"நாளையிலயிருந்து சங்கு ஊதினவுடன நான் சாப்பிடுவன். கப்பல் நிண்டாலும் சரி, நிக்காட்டிலும் சரி."

அவர் தலையாட்டினார். மாமிதான் குசினி வாசலில் நின்று, "அப்ப அவன் வந்தா ஆர் போட்டுக் குடுக்கிறது?" என்றார்.

"சட்டி இருக்கு, அகப்பை இருக்கு, அவருக்குக் கையும் இருக்கு மாமி."

மாமி என்னோடு பத்து நாள் கதைக்கவில்லை.

வாய்வீரம் பேசிவிட்டேன், சாப்பிடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. கதிரையில் அமர்ந்து முதல் வாய் வைத்தால் தொண்டைக்குள் இறங்காது. ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டால் எழும்பி ஓடுவேன், அது வேறு யாராவதாக இருக்கும். பிறகு கதிரையைத் திருப்பி, வாசல் படலைக்கு முதுகு காட்டிக்கொண்டு இருந்தேன். முருங்கையிலை வறையும் சூடைமீன் குழம்பும் போட்டு, பசிக்கிறதோ இல்லையோ, சோற்றுக் கோப்பை வெறுமையாகும்வரை எழும்புவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். மூன்றாம் வாரம் பதினொன்றரைக்கே வயிறு கூப்பிட்டது. அந்தப் பசியைக் கண்டு எனக்கு அழுகை வந்தது.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பாள்.

"அவர் வந்திட்டாரோ?"

"இல்லை. நான் சாப்பிடுறன்."

"அதுக்குள்ளயோ?"

"ஓம், அதுக்குள்ளதான்."

பெண்பிள்ளை பிறந்தாள், பத்து மாதம் நிறைந்து, பெரிய குரலெடுத்து அழுதுகொண்டு. சோறுதான் காப்பாற்றியதென்று நான் சாதிக்கவில்லை. கிளினிக்கில் தந்த இரும்புச்சத்துக் குளிசையாகவும் இருக்கலாம். எதுவாயிருந்தாலும் நான் என் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், மத்தியானம், பால் சுரக்கட்டும் என்று மாமியே பால்சுறா வறையும் சோறும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"நீங்களும் இருங்கோ மாமி."

"நான் பிறகு."

"நீங்கள் தொடாட்டி நானும் தொடமாட்டன்."

என் குணம் மாமிக்குத் தெரியும். அகப்பையை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார். இன்னொரு கோப்பையில் சோறு போட்டு அவர் பக்கம் தள்ளினேன். மாமி சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"எனக்கு அஞ்சு தரம் வயித்தில நிண்டது பிள்ளை," என்றார். "இவன் ஒருத்தன்தான் மிஞ்சினவன். சாப்பிட்டனியோ எண்டு என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."