சேனை வைத்த விரல்

எங்கள் வீட்டில் சேனை வைக்க ஆளாளுக்குப் போட்டி நடக்கும். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டு இனிப்பைத் தொட்டு வைப்பவரின் குணம்தான் அந்தப் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. திண்டுக்கல்லில் எந்தப் பிள்ளை அடம்பிடித்து உருண்டாலும் முதல் கேள்வி, "இதுக்கு யாரு சேனை வெச்சது?" என்பதுதான்.

என் தங்கைக்குப் பெண் பிறந்தபோது அந்த வேலை எனக்கு வந்தது. கொடுத்தது மாமி. மாமி எங்கள் அத்தாவின், அதாவது அப்பாவின், உடன்பிறந்த தங்கை; என் தங்கைக்கு மாமியாரும் அவர்தான். "பெரிய படிப்புப் படிச்ச கை. நீயே வையி. படிப்பு வரட்டும், ஒன் கோவம் மட்டும் வந்துரக் கூடாது" என்றார். பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதையும் கொடுக்கக் கூடாதென்று எனக்குத் தெரியும். மற்றவர்களிடம் அதைச் சண்டை போட்டுச் சொல்பவளும் நான்தான். ஆனாலும் அன்று எனக்கு ஆசையாக இருந்தது. விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி, சீனித் தண்ணீரில் நுனியை மட்டும் நனைத்து நாக்கில் வைத்தேன். கண்ணைக்கூடத் திறக்காதவள் சப்புக் கொட்டினாள். அறையே சிரித்தது.

நான் பெங்களூரில் குடல் செல்களை ஆராய்கிறவள். அத்தாவுக்குக் கறிக்கடை. என் வேலையை முதன்முதலில் சொன்னபோது அவர் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏந்தாயி, கொடலப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போன? இங்கனயே தெனம் நாலு கொடல் கழுவித் தர்றேனே!"

விடாமல் விளக்கினேன். குடலின் உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் தாய்ச் செல்கள். அவை பெற்றுப் போடும் பிள்ளைச் செல்கள் மேலே ஏறும். ஏறுகிற வழியிலேயே ஒன்று சத்தை உறிஞ்சக் கற்றுக்கொள்ளும், ஒன்று வழவழப்பான சளியைச் சுரக்கும். வெகு சில மட்டும், வந்திருப்பது இனிப்பா கொழுப்பா என்று பார்த்து உடம்புக்குச் சேதி சொல்லும். ஐந்து நாள் போல வேலை பார்த்துவிட்டு உதிர்ந்துவிடும். அடியிலிருந்து புதியவை வரும். எந்தச் செல் எந்த வழியில் போய் என்னவாக ஆகிறதென்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பதுதான் என் பிழைப்பு.

"சேதி சொல்லுறது யாரு, பிரியாணி அண்டாவுல உப்புப் பாக்குறவன் மாதிரியா?" என்றார் அத்தா. ஆமாம் என்றேன்.

பால் குடிக்கத் தொடங்கியதுமே பிள்ளைக்குப் பேதி ஆரம்பித்தது. தண்ணீராகப் போனது. பாலை மாற்றினார்கள், மருந்தை மாற்றினார்கள். வாய்வழி எது கொடுத்தாலும் நிற்கவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனோம். நரம்பு வழியாகத்தான் சத்து ஏற்ற வேண்டும் என்றார்கள். அந்தப் பிஞ்சுக் கையில் நரம்பைத் தேடுவதே பெரும்பாடு. ஆஸ்பத்திரி நடைபாதையில், நாலு பேர் நடுவில் மாமி கேட்டார்: "யாரு சேனை வெச்சது இவளுக்கு?"

"நீங்கதான மாமி வைக்கச் சொன்னீங்க! மறந்துருச்சா?" என்று கத்தினேன். நர்ஸ் வந்து அதட்டும்வரை நிறுத்தவில்லை. பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு சொட்டுச் சீனித் தண்ணீர் இதைச் செய்யாது என்று தெரிந்த எனக்கே, விரலைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அன்றைக்குத்தான் அந்தத் தப்பையும் செய்தேன். தங்கை கட்டிலில் உட்கார்ந்து, கட்டிக்கொண்ட பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் விட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "பயப்படாதடி. குடல் அஞ்சு நாளைக்கு ஒருக்காப் புதுசா வளரும். பழசு போயி நல்லது வந்துரும்" என்றேன்.

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். தினசரிக் காலண்டர் ஒன்றை வாங்கிவரச் சொல்லிச் சுவரில் மாட்டினாள். ஐந்து தாளுக்கு ஒன்றில் பேனாவால் வட்டம். வட்டம் போட்ட நாளில் டாக்டரிடம் போய், "இன்னிக்குக் கொஞ்சூண்டு பால் குடுத்துப் பாக்கலாமா? எங்கக்கா சொன்னுச்சு, புதுக் கொடல் வந்துருக்கும்னு" என்பாள். அவர் என்னைப் பார்ப்பார். நான் தரையைப் பார்ப்பேன். தாய்ச் செல்லிலேயே குறை இருந்தால் எத்தனை முறை புதிதாக வந்தாலும் அதே குறையோடுதான் வரும் என்பது எனக்குத் தெரியாதா? பாவி, தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ரத்தச் சோதனையில் மரபணு ஒன்றில் ஒரு மாற்றம் தெரிந்தது. அதுதான் காரணமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குடலிலிருந்து மிளகைவிடச் சின்னதாக ஒரு துணுக்கு எடுத்தார்கள். கையெழுத்து வாங்கி, முறைப்படி அனுமதி பெற்று, அதில் ஒரு பங்கு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. நானும் பெங்களூர் திரும்பினேன். அதிலிருந்த தாய்ச் செல்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்தோம். ஜவ்வரிசி மாதிரி குட்டிக் குட்டி உருண்டைகளாக வளர்ந்தன. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குடல்.

ஏழாவது வட்டம் வருவதற்கு ஒரு நாள் முன்பு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. சத்து ஏற்றிய குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டது. அத்தா போன் செய்தபோது நான் அந்த உருண்டைகளுக்கு ஊட்டத் திரவம் மாற்றிக்கொண்டிருந்தேன். "தாயி, பிள்ள மவுத்தாயிருச்சு" என்றார். கையுறையைக்கூடக் கழற்றத் தோன்றவில்லை. நான் திண்டுக்கல் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

பத்து நாள் கழித்துத் தங்கை கூப்பிட்டாள்.

"அக்கா, அங்கன இருக்கே, அது இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"சாப்புடுதா?"

"சாப்புடுதுடி."

"என்ன குடுக்குற?"

"தண்ணி மாதிரி ஒண்ணு. அதுல சீனி, சத்து எல்லாம் இருக்கு."

"இங்க ஒரு வாய்ப் பால் தங்கலியே அக்கா" என்று சொல்லிவிட்டு அழுதாள். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் கூப்பிட்டாள். சாப்பிடுதா என்று மட்டும் கேட்பாள்.

மாமி இன்னும் சேனையைப் பேசிக்கொண்டிருந்தார். தங்கையோ, மாசமாக இருந்தபோது தான் தின்ற ஏதோ ஒன்றுதான் பிள்ளையைக் கொன்றது என்று முடிவு கட்டியிருந்தாள். உண்மை தெரிய ஒரே வழி, அந்த உருண்டைகளைக் கேட்பதுதான். ஆனால் அதற்குச் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் உடைக்க வேண்டும். உடைத்தால்தான் உள்ளே அது என்ன வேலைக்குத் தயாரானது என்பதைப் படிக்க முடியும். பிள்ளையிடமிருந்து எடுத்த துணுக்கு அந்த ஒன்றுதான். பாதியை மிச்சம் வைத்துவிட்டு மீதியில் செய்யும் அளவுக்கு உருண்டைகள் பெருகவில்லை; எல்லாவற்றையும் உடைத்தாக வேண்டும்.

தங்கையிடம் மறைக்கவில்லை, சொன்னேன்.

"வலிக்குமா அக்கா?"

"வலிக்காதுடி. வலி தெரியுற எதுவும் அதுல இல்ல."

"அப்ப வேற யாரும் தொட வேணாம். நீயே பண்ணு. சேனை வெச்ச கைதான."

செய்தேன். எத்தனையோ முறை செய்த வேலை. அன்று ஒவ்வொரு உருண்டையையும் எண்ணி எடுத்தேன். முடிவு கம்ப்யூட்டர் திரையில் வந்தது. ஒரு செல்லுக்கு ஒரு புள்ளி. ஒரே வேலை பார்ப்பவை ஒன்றாகக் கூடிக் கிடக்கும். தாய்ச் செல்கள் இருந்தன. உறிஞ்சுபவை இருந்தன. சளி சுரப்பவை இருந்தன. இனிப்பு வந்தது, கொழுப்பு வந்தது என்று சேதி சொல்லும் செல்கள் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. அந்த வழியில் போகக் கிளம்பிய சிலவும் ஒரு திருப்பத்தில் நின்றுவிட்டிருந்தன. சேதி சொல்ல ஆளில்லாமல்தான் குடித்த பால் உடம்பில் சேராமல் தண்ணீராகப் போயிருக்கிறது. ரத்தத்தில் கண்ட மாற்றம் அந்தத் திருப்பத்துக்கு உரிய மரபணுவில்தான். தங்கையைச் சொந்தத்துக்குள் கட்டிக் கொடுத்ததால், அது தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் பிள்ளைக்கு வந்திருந்தது.

ஊருக்குப் போனேன். மாமியையும் உட்காரவைத்துத்தான் சொன்னேன். சேனையும் இல்லை, தங்கை தின்ற எதுவும் இல்லை. மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போனார். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அந்தக் காலண்டர் வீட்டுச் சுவரில் தொங்கியது. ஏழாவது வட்டம் போட்ட தாள் கிழிபடாமல் இருந்தது.

"அப்ப அந்த அஞ்சு நாளு?" என்றாள் தங்கை.

"அது பொய்டி. புதுசு வந்துச்சு, ஆனா அதே கொறையோடதான் வந்துச்சு. எனக்குத் தெரியும். ஒன்னைத் தேத்தணும்னு சொன்னேன். என்னைய மன்னிச்சுரு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சுட்டுவிரலை மட்டும் பிடித்திருந்தாள்.

"சீனி வந்ததே அவ கொடலுக்குத் தெரிஞ்சிருக்காதா?"

"தெரிஞ்சிருக்காது."

"நாக்குக்குத் தெரிஞ்சிருக்கும்ல அக்கா? சப்புக் கொட்டுனாள்ல?"

"தெரிஞ்சுதுடி" என்றேன். அது மட்டும் பொய்யில்லை.