நாற்பது பிடி சாமை

என்னிடம் யாராவது ஒரு சேதி சொல்லி அனுப்பினால் என் மனைவி குழந்தையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சிரிக்கட்டும். ஜப்பான்காரன் சண்டைக்கு வந்த மறு வருஷம், மண்ணெண்ணெய்க்கு நாயாய் அலைந்த காலத்தில் நான் செய்த ஒரு கோளாறுதான் அதற்குக் காரணம். அந்தக் கோளாறைச் சொல்ல வேண்டுமென்றால் அரியூர் நாட்டுக் கண்ணாயி அக்காவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. உண்மையில் எனக்கு அவளைப் பற்றிச் சொல்லத்தான் ஆசை.

நான் புளியஞ்சோலைப் பக்கத்துக்காரன், பெயர் செங்கோட்டையன். சொந்தமாக இரண்டு ஏக்கர் உண்டு. நிலத்தில் வேலை ஓய்ந்ததும் பொதிமாட்டின் மேல் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குப் போவேன். அவற்றைக் கொடுத்துவிட்டுத் தேனும் ஆமணக்குக் கொட்டையும் வாங்கி வருவேன். மலையில் பல சிற்றூர்கள் சேர்ந்ததை ஒரு நாடு என்பார்கள்; மேலே போனால் நான் தங்குவது அரியூர் நாட்டில் கண்ணாயி அக்கா வீட்டில்தான். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. களை எடுத்துக்கொண்டே மழையைத் திட்டுவாள், உரலில் இடித்துக்கொண்டே புருஷன் அப்பாசாமியைத் திட்டுவாள். எனக்குக் களி போடும்போது என்னைத் திட்டுவாள். திட்டு வாங்கியவர்கள் யாரும் அரை வயிற்றோடு எழுந்ததில்லை.

அப்பாசாமி அவளுக்கு இரண்டாவது புருஷன். மலையில் இது பெரிய விஷயமல்ல. ஒரு பெண்ணுக்கு ஒருவனோடு வாழப் பிடிக்கவில்லை என்றால் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு இன்னொருவனைக் கட்டிக்கொள்ளலாம். கீழே இருக்கிற நாங்கள் வாயைப் பிளப்போம், அவ்வளவுதான். ஆனால் பெற்ற பிள்ளை தகப்பன் வீட்டோடு நின்றுவிட வேண்டும். எடப்புளி நாட்டில் குடித்துவிட்டு அடித்த முதல் புருஷனை விட்டு வந்தபோது, ஐந்து வயது மகள் சென்னம்மாளையும் கண்ணாயி அங்கேயே விட்டு வந்தாள். பதின்மூன்று வருஷம் ஆகிவிட்டது. அப்பன்காரன் மகளை இந்தப் பக்கம் அனுப்பவே இல்லை. அப்பாசாமிக்கும் இவளுக்கும் வேறு பிள்ளை இல்லை.

அந்த வருஷம் ஆவணியில் சென்னம்மாளுக்குக் கல்யாணம் ஆனது. இனி அவள் அப்பன் பேச்சுக்கு அடங்கியவள் அல்ல. கண்ணாயி அதற்காகத்தான் காத்திருந்தாள். கார்த்திகையில் சாமை அறுத்ததும் புதுச்சோற்று விருந்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரையும் கூப்பிடப் போவதாகச் சொன்னாள். எல்லாரும் என்றால், மகளைச் சேர்க்காமல் நாற்பது பேர். ஆனால் மகள் ஒருத்திக்காகத்தான் அந்த நாற்பது பேரையும் கூப்பிட்டாள் என்பது அப்பாசாமிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

புதுச்சோற்றுக்குப் பொங்கல் மாதிரி ஊருக்கெல்லாம் ஒரே நாள் கிடையாது. வீட்டுக்காரர்கள் பார்த்து ஒரு நாளை வைப்பார்கள். கண்ணாயி எட்டாம் நாள் காலையில் உலை வைப்பது என்று முடிவு செய்து, மஞ்சள் பூசிய ஒரு நார்க்கயிற்றை என் கையில் கொடுத்தாள். அதில் ஏழு முடிச்சு இருந்தது.

"தம்பி, நீங்க எடப்புளி நாட்டுப் பக்கந்தான போறீங்க? இத என்ற புள்ள கையில குடுத்துருங்க. வேற ஆரு கையிலயும் குடுத்துராதீங்க."

"என்னன்னு சொல்லோணுமுங்க அக்கா?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். பாத்தா அவளுக்கே தெரியும். சின்னதுல என்ற மடியில உக்காந்து அவுத்து வெளையாடுனவதான்."

கண்ணாயி பிறந்த வீட்டில் விருந்துக்கு அழைக்கிற முறை அது. கயிற்றை வாங்கியவர்கள் மறுநாளிலிருந்து காலைக்கு ஒரு முடிச்சாக அவிழ்த்து வர வேண்டும். கடைசி முடிச்சு அவிழ்கிற அன்று கிளம்பி வர வேண்டும். கொண்டுபோகிறவன் வழியில் ஒரு நாள் தங்கிவிட்டால், அதற்கு ஒரு முடிச்சை அவனே அவிழ்த்துவிட வேண்டும். அவர்கள் வீட்டு ஆட்கள் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணாயிக்கும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் மஞ்சள் பூசி முடிந்து வைத்தால் அது சாமிக்கு நேர்ந்துகொண்டது. அதில் எவனாவது கை வைப்பானா? நான் கயிற்றைப் பயபக்தியோடு இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பொழுது சாய்வதற்குள் எடப்புளி நாட்டுக்குப் போயிருக்கலாம். வழியில் ஓர் ஊரில் கெடா வெட்டு. தெரிந்தவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். எலும்புக் குழம்பு என்றால் என் கால் அதற்கு மேல் நகராது. மறுநாள் மிச்சக் குழம்பு இன்னும் ருசியாக இருந்தது. ஆகமொத்தம் இரண்டு நாள் கழித்துத்தான் சென்னம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றேன். ஒல்லியான பெண், அம்மாவின் அதே அகல நெற்றி. கயிற்றை வாங்கி முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். மடியில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

விருந்தன்று நானும் அரியூர் நாட்டுக்கு வந்து சேர்ந்தேன். விடியும்போதே கண்ணாயி குளித்துவிட்டு மூன்று பெரிய பானைகளை அடுப்பில் ஏற்றியிருந்தாள். அந்த வருஷம் காட்டுப்பன்றி புகுந்து பாதிச் சாமையைத் தின்றுவிட்டது. மிஞ்சியதில் விதைக்கு எடுத்து வைத்தது போக எல்லாம் விருந்துக்குத்தான். முதல் சோற்றைச் சாமிக்குப் படைத்தார்கள். பிறகு வாழையிலை போட்டு நாற்பது பேருக்கும் சோறு, மொச்சைக் குழம்பு, கோழிக்கறி. கண்ணாயி பந்திக்கும் அடுப்புக்குமாக ஓடினாள். இதற்கு நடுவே ஒற்றையடிப் பாதையை வேறு எட்டி எட்டிப் பார்த்தாள். கடைசியில் ஓர் இலை காலியாகக் கிடந்தது. அங்கே உட்காரப் போன ஒருவரைக் கரண்டியை நீட்டி வேறு பக்கம் போகச் சொன்னாள்.

அப்பாசாமியின் அக்கா பாவாயி எதிரே உட்கார்ந்திருந்தாள். பதின்மூன்று வருஷமாக இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவள். பெத்த பிள்ளையை விட்டு வந்தவள் கையால் தின்ன மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், தம்பி கெஞ்சியதால் வந்திருந்தாள்.

"அந்த எலைய எடுத்துரு. அவ வரமாட்டா. நானா இருந்தாலும் வரமாட்டேன்" என்றாள், சோற்றைப் பிசைந்துகொண்டே.

கண்ணாயி இலையை எடுக்கவில்லை. பந்தி முடிந்து எல்லாரும் கை கழுவும் வரை அது அப்படியே கிடந்தது. அன்றைக்கு முதல் தடவையாக அவள் யாரையும் திட்டாமல் இருந்தாள்.

புறப்படுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு பிடி புதுச் சாமை கொடுத்தனுப்புவது அந்த வீட்டு வழக்கம். அதைத் தங்கள் வீட்டுக் குதிரில் போட்டால் வருஷம் முழுக்கத் தானியம் குறையாது என்பார்கள். கண்ணாயி குதிரின் அடியைத் துழாவி நாற்பது பேருக்கும் அள்ளிப் போட்டாள். எல்லாரும் துணியில் முடிந்துகொண்டார்கள். பிறகு என் பக்கம் வந்தாள்.

"தம்பி, கயித்தக் குடுத்தப்ப என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலீங்க. வாங்கி எண்ணிப் பாத்தா. மடியில வெச்சுக்கிட்டா."

"எண்ணுனாளா? எத்தன இருந்துச்சு?"

"ஏழுங்க. நீங்க குடுத்தது அப்பிடியே இருந்துச்சு. நான் அதுல கை வெப்பனா?"

"என்னிக்குக் குடுத்தீங்க?"

நான் கெடா வெட்டைப் பற்றிச் சொன்னேன். எலும்புக் குழம்பைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. கண்ணாயி விரல் விட்டு எண்ணினாள். ஒரு தடவை எண்ணியது போதாமல் மறுபடியும் எண்ணினாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடப் பாவி மனுசா! ரெண்டு முடிச்சு அவுக்காம குடுத்துட்டீங்களே! அவ கணக்குக்கு நாளன்னிக்கில்ல விருந்து! அவ வரமாட்டேங்கல. இன்னும் நாளே ஆகல!"

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். முடிச்சை அவிழ்க்கிற கணக்கு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மண்ணுக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் சிரிப்பு சட்டென்று நின்றது. பானை மூன்றும் கழுவிக் கவிழ்த்தாயிற்று. குதிரில் ஒரு மணி இல்லை. விதைச் சாமையைத் தொட முடியாது, தொட்டால் அடுத்த வருஷம் பட்டினி. "புதுச்சோத்துக்குன்னு கூப்புட்ட புள்ளைக்குக் களியவா கிண்டிப் போடுவேன்? பதிமூணு வருசத்துக்குப் பொறவு வர்றவளுக்கு?" என்று கண்ணாயி அப்பாசாமியைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் என் மாட்டைப் பார்த்தேன்.

பாதை வரை போயிருந்த பாவாயி இந்தச் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தாள். வந்தவள் முந்தானையில் முடிந்திருந்த சாமையை அவிழ்த்து, கண்ணாயியின் பக்கத்தில் கிடந்த முறத்தில் கொட்டினாள்.

கண்ணாயி பதறிப்போய் எழுந்தாள். புருஷனின் அக்காவை அங்கே நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். "நங்கையா, வேண்டாமுங்க. அது உங்க ஊட்டுக் குதிருக்குப் போறது. திருப்பக் கூடாது."

"என்ற குதிரு தானா நெறையும். புள்ள வர்ற ஊட்ல முறம் காலியா இருக்கக் கூடாது. வருவாளோ மாட்டாளோ, நீ இடிச்சு வெய்யி."

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொருவராக வந்து முடிச்சை அவிழ்த்துக் கொட்டினார்கள். வருஷம் முழுக்க வீட்டுக்கு வர வேண்டிய லட்சுமியை யாராவது இப்படித் திருப்பிக் கொடுப்பார்களா? எங்கள் ஊரில் கொடுக்க மாட்டார்கள். நானும் கொடுக்க மாட்டேன், உண்மையைச் சொல்ல என்ன வெட்கம். முறம் நிறைந்து கீழே சிந்தியது. கண்ணாயி ஒவ்வொருவரையும் கும்பிட்டாள். அவர்கள் அதைக் கவனிக்காதது போல நடையைக் கட்டினார்கள்.

அடுத்த இரண்டு நாளும் நான் ஊருக்குப் போகவில்லை. போக முகம் இல்லை. சாமையை வெயிலில் காய வைத்தேன், விறகு பிளந்தேன், வாங்கிய திட்டுக்குப் பதில் பேசாமல் இருந்தேன். கண்ணாயி இடித்தாள், புடைத்தாள், மறுபடி இடித்தாள். "ஒருவேளை வராம இருந்துட்டா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் உலக்கையைத் தூக்கிவிட்டாள்.

அந்த இரண்டாவது நாள் உச்சிப்பொழுதுக்கு முன்னால் சென்னம்மாள் வந்தாள். கூடப் புருஷனும் வந்தான், தோளில் ஒரு வாழைத்தாரோடு. வாசலில் வந்து நின்றுகொண்டு கூட்டத்தைத் தேடுவது போலச் சுற்றிலும் பார்த்தாள்.

"வேற ஆரும் வரலீங்களா?"

"அவங்க வந்துட்டுப் போயிட்டாங்க கண்ணு. நீ கால் கழுவு" என்றாள் கண்ணாயி. பதின்மூன்று வருஷமாக மகளிடம் சொல்வதற்கு என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தவள், செம்புத் தண்ணீரை மகளின் கையில் கொடுத்தாள்.

மகளும் மருமகனும் உள்ளே உட்கார்ந்தார்கள். கண்ணாயி சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள். தண்ணீர் மோந்து வருகிற சாக்கில் பின்பக்கம் வந்தாள். அங்கே நின்றுகொண்டிருந்த என்னிடம் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டே மெல்லப் பேசினாள்.

"தம்பி, அன்னிக்கே வந்திருந்தா பந்தியோட பந்தியா நானும் ஓடிக்கிட்டே போட்டிருப்பேன். மூஞ்சியக்கூடச் சரியாப் பாத்திருக்க மாட்டேன். இன்னிக்கு அவ ஒவ்வொரு வாயும் திங்கறத உக்காந்து பாக்கறேன். நங்கையா இருந்து இதப் பாக்கோணும். அவங்க நாப்பது பேரும் நல்லா இருக்கோணும் சாமி." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்களும் நல்லா இருங்க. ஆனா இனி உங்க கையில ஒரு சேதியும் குடுக்க மாட்டேன்."

உள்ளேயிருந்து சென்னம்மாள் கூப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். கண்ணாயி ஓடிப்போய்ப் போட்டாள். சென்னம்மாள் தின்று முடித்தாள். எழுந்திருக்காமல் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் நாளைக்கும் இருக்கட்டுமாம்மா? இவரு மட்டும் போகட்டும்."

கண்ணாயி பானையைப் பார்த்தாள். மூலையில் பாதிக்கு மேல் நிறைந்திருந்த கூடையையும் பார்த்தாள்.

"இரு கண்ணு. எத்தன நாளைக்கு வேணாலும் இரு. நீ இருக்கறதுக்குன்னே எல்லாரும் குடுத்துட்டுப் போயிருக்காங்க" என்றாள்.