கடையநல்லூர் ரோட்டில் படுத்த கார்

டிரைவர் சுடலைமுத்துவின் வேலை போக இருந்ததே, அதற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் தென்காசியில் ஒரு மோட்டார் ஷெட்டில் பிட்டராக இருந்தேன். அரிசி மில் முதலாளி ஒருவரின் அமெரிக்கக் கார் ஆயில் மாற்ற, பழுது பார்க்க எங்களிடம்தான் வரும். அதில் பெட்ரோல் டேங்க் டிரைவரின் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும். டேங்க் மூடி கண்ணாடிக்கு முன்னால், நட்டநடுவில் தெரியும். அங்கிருந்து பெட்ரோல் தானாகவே கீழே கார்புரேட்டருக்கு இறங்கும்.

ஒருநாள் சுடலைமுத்து வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“அண்ணாச்சி, இருவது மைல் ஸ்பீடுல சமத்தா வருது. முப்பதத் தாண்டுனா இழுவையே இல்ல. முக்குது, முனங்குது, அப்படியே படுத்துருது. கொஞ்சம் நிப்பாட்டி வச்சா மறுபடி ஓடுது.”

“அதெல்லாம் கார்புரேட்டர் தூசிவே. சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போரும்” என்றேன்.

கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் பீய்ச்சும் ஜெட்டை ஊதினேன். பிளக் நாலையும் சுத்தம் செய்தேன். குற்றாலம் வரை ஓட்டிப் பார்த்தேன். சாரல் முகத்தில் அடிக்க, வண்டி பறந்தது. அருவிக்கரையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு, பெரிய வைத்தியன் போலத் திரும்பி வந்தேன். வண்டியைத் துடைத்து ஒப்படைத்தேன்.

மறுநாளே வந்துவிட்டார். “கடையநல்லூர் ரோட்டுல படுத்துட்டு அண்ணாச்சி.”

இந்தத் தடவை பெட்ரோல் பைப்பை ஊதினேன், தீப்பொறிக்கான பாயிண்டைத் தேய்த்தேன். மறுபடி குற்றாலம், மறுபடி பறந்தது. மறுபடி கடையநல்லூர், மறுபடி படுத்தது. மூன்றாவது தடவையும் இதே கூத்து. ஷெட்டில் இருந்தவர்களெல்லாம், “என்னவே, ஒம்ம வண்டிக்கும் குத்தாலத்துல குளிக்கணுமாக்கும்?” என்று கேலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. மில் முதலாளி நேரில் வந்து, “என்னதான்யா கோளாறு?” என்று கேட்டபோது, தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

“வண்டியில ஒண்ணும் இல்ல மொதலாளி. பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்திருக்குமோன்னு தோணுது” என்றேன்.

மண்ணெண்ணெய் என்றால் என்ன அர்த்தம்? டிரைவர் பெட்ரோலை விற்றுத் தின்றுவிட்டு, மண்ணெண்ணெயை ஊற்றிச் சரிக்கட்டுகிறான் என்று அர்த்தம். முதலாளி பக்கத்தில் நின்ற சுடலைமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். “வெள்ளிக்கெழம சாவியக் குடுத்துட்டுப் போயிருலே” என்றார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலையில் சுடலைமுத்து வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் சத்தமே போடவில்லை.

“மாட்டுவண்டி பத்திட்டுக் கெடந்தவன் நான். ஸ்டியரிங்கப் பிடிச்ச பெறவுதான் ஊருல நாலு பேரு மதிக்கான். திருட்டுப்பய பேரோட மறுபடி மாடு பத்தப் போகச் சொல்லுதீரா? ஒரேயொரு தடவ எங்கூட கடையநல்லூர் ரோட்டுல வாரும். பாத்துட்டுச் சொல்லும்.”

ஏறி உட்கார்ந்தேன். ஐந்தாறு மைல் ஒழுங்காகப் போனது. முப்பதைத் தாண்டி மிதித்தார். சொன்னாற்போலவே வண்டி முக்கியது, முனகியது, ஓரமாகப் படுத்தது.

பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று குச்சி விட்டுப் பார்க்க மூடியைத் திருகினேன். ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது. மூடியைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன்.

டேங்க் மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியே காற்று உள்ளே வரவேண்டும். துளை அடைபட்டால் பெட்ரோல் இறங்காது. மெதுவாகப் போனால் கசிகிற பெட்ரோல் போதும், வேகமாகப் போனால் பட்டினி. அந்தத் துளையை அடைத்துக்கொண்டு ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சந்தனம் காய்ந்து கிடந்தது, நடுவில் குங்குமம்.

“இது யாருவே வச்சது?” என்று கேட்டேன்.

“நீருதான் வச்சீரு. ஒவ்வொரு தடவயும் நீருதான் வச்சீரு” என்றார் சுடலைமுத்து.

வேலை முடிந்த வண்டி பொட்டு இல்லாமல் எங்கள் ஷெட்டை விட்டுப் போகாது. சூடம் மட்டும் காட்ட மாட்டேன், பெட்ரோல் பக்கத்தில் நெருப்பு ஆகாது. அதிலெல்லாம் நான் படு உஷார்! மற்ற வண்டிகளுக்கு ரேடியேட்டரில் வைப்பேன். இதற்கு மூடி நெற்றிபோல நடுவில் இருந்ததால் அதில் அப்பினேன். வண்டி வேலைக்கு வந்ததும் முந்தின தடவை வைத்த பொட்டைத் துடைத்துவிடுவேன். குற்றாலம் ஓட்டிப் பார்த்தது புதுப் பொட்டு வைப்பதற்கு முன்னால். கடையநல்லூர் போனது வைத்த பின்னால்.

சந்தனத்தைச் சுரண்டினோம். நாற்பதில் பறந்தது வண்டி. நேரே மில்லுக்கு விடச் சொன்னேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் எல்லாவற்றையும் முதலாளியிடம் சொன்னேன். “மண்ணெண்ணெய்னு நாஞ் சொன்னது பொய் மொதலாளி. எனக்குத் தெரியாததால சொன்னேன்.”

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “அப்பம் ஒன்னயல்லா வேலய விட்டு நிப்பாட்டணும்” என்றவர், சுடலைமுத்துவைப் பார்த்து, “சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்லே” என்றார். சுடலைமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஷெட்டில் வேலை பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வண்டி திரும்பி வந்தால், கடைசியாக அதில் கை வைத்தவன் யார் என்று பாருங்கள். அது நீங்களாகத்தான் இருக்கும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். அதனால் யாருடைய வேலையும் போகாது.

அடுத்த மாதம் ஆயில் மாற்ற அதே வண்டி வந்தது. முடித்துவிட்டு வழக்கம்போலச் சந்தனக் கிண்ணத்தோடு போனேன். சுடலைமுத்து கிண்ணத்தை வெடுக்கென்று பிடுங்கி, என் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

“இங்கனயே இருக்கட்டும் அண்ணாச்சி. ஒமக்குத்தான் மூச்சுவிட மூக்கு தனியா இருக்குல்லா.”