நீலம் குறையாத குப்பி

என் அக்கா வீட்டு முன்னறையில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் கடல் இருக்கிறது. உப்புத்தண்ணீர்த் தொட்டி, அதில் இரண்டு மீன், நடுவில் உயிருள்ள பவளம் ஒன்று. பார்த்தால் கல்லில் பூ பூத்த மாதிரி இருக்கும். வருகிறவர்கள் நாற்காலியில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். அக்கா புருஷன், அதாவது என் அத்தான், அதைப் பற்றியெல்லாம் கவலைப்படுகிற ஆளில்லை.

அத்தான் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். தோளில் அடிபட்டதிலிருந்து வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. வேலை போயிற்று. அக்கா காலையில் ஆபீசுக்குக் கிளம்பினால் இவர் தொட்டியின் எதிரே உட்கார்ந்துவிடுவார். பாதி நாள் பேச்சே இருக்காது. எனக்குப் பார்க்கவே பற்றிக்கொண்டு வரும். அப்போதுதான் பக்கத்துத் தெருப் பல் டாக்டர் தன் கிளினிக்கில் ஒரு தொட்டி வைக்கவும் அதைப் பராமரிக்கவும் ஆள் தேடினார். இந்த வேலை படிந்தால் அவர் சொல்லி இன்னும் நாலு இடத்தில் கூப்பிடுவார்கள்.

"முதல்ல உங்க தொட்டியப் பாக்கறேன். ஞாயித்துக்கிழமை வரேன்" என்றார் டாக்டர் அத்தானிடம்.

அந்த நேரம் பார்த்துத்தானா தண்ணீரில் பாஸ்பேட் ஏற வேண்டும்? மீன் தீனியிலிருந்து சேருகிற சத்து அது. அளவோடு இருந்தால் நல்லது. கூடினால் பாசி மண்டும், பவளம் சுணங்கும். தொட்டித் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, ஒரு பொடியைப் போட்டுக் குலுக்கினால் நீலமாகும். எவ்வளவு நீலமோ அவ்வளவு பாஸ்பேட்.

அத்தான் தீனியைக் குறைத்தார், தண்ணீரை மாற்றினார், பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகள்களைப் பையில் கட்டித் தொங்கவிட்டார். பாசி உதிர்ந்து கண்ணாடி பளிச்சென்று ஆனது. குப்பி மட்டும் அதே நீலம். இன்னும் கொஞ்சம் துகள் போட்டார். பவளத்தின் ஓரம் வெளுக்கத் தொடங்கியது.

சனிக்கிழமை நான் போனபோது துகள் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மிச்சத்தையும் கொட்டிடலாமான்னு பாக்கறேன்" என்றார்.

"கொட்டினா என்ன ஆகும் அத்தான்?"

"ஒரேயடியா இறங்கினா பவளம் செத்துடும். இறங்கலைன்னாலும் சாகும். நாளைக்கு அவர் வந்து பாத்துட்டுப் போயிடுவார். நான் திரும்பவும் இங்கயே உக்காந்திருப்பேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் நாக்கு நுனி வரை வந்த கிண்டலை விழுங்கிக்கொண்டேன்.

பாக்கெட்டைப் பிரிக்கப் போனவர் நின்றார். "லிப்ட் நின்னுட்டா முதல்ல எங்க கைல இருக்கிற மீட்டரைத்தான் சந்தேகப்படுவோம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒன்றுமே கலக்காத ஃபில்டர் தண்ணீரைக் குப்பியில் எடுத்துப் பொடியைப் போட்டுக் குலுக்கினார். நிறமே வரக்கூடாத அதுவும் நீலம்.

இருவரும் முழித்துக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து அம்மா வந்தார். அத்தானுக்கு அடிபட்டதிலிருந்து ஒத்தாசைக்கு அங்கேதான் இருக்கிறார். எச்சில் டம்ளரைக் கீழே வைத்தால் திரும்பிப் பார்ப்பதற்குள் கழுவிக் கவிழ்த்துவிடுகிற பெண்மணி.

"முடிஞ்சுதா? குடுங்க மாப்பிள்ளை, கழுவி வெச்சிடறேன்."

அத்தான் குப்பியைக் கொடுக்கவில்லை. "தினமும் நீங்கதான் இதைக் கழுவறீங்களா அத்தை?"

"பின்ன? நீங்க வெறும் தண்ணியில அலசி வெச்சிட்டுப் போயிடறீங்க. அடியில நீலக் கறை. நான்தான் பாத்திரப் பொடி போட்டு அழுத்தித் தேய்ச்சு வெக்கறேன்."

"அந்தப் பொடியிலயும் பாஸ்பேட் இருக்கு அத்தை."

அம்மாவின் முகம் செத்துப்போனது. "உங்க பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேனா?"

அத்தான் சிரித்தார். தோளில் அடிபட்ட பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "இந்த வீட்ல சுத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான்" என்றார்.

புதுக் குப்பி ஒன்றைப் பிரித்துத் தொட்டித் தண்ணீரைச் சோதித்தார். நிறமே இல்லை. பாவம், பவளத்தைப் பட்டினி போட்டிருக்கிறார். துகள் பையை உடனே வெளியே எடுத்தார், மீன்களுக்குக் கொஞ்சம் தாராளமாகவே தீனி போட்டார். மறுநாள் காலை பவளத்தின் நடுப்பகுதி விரிந்திருந்தது. ஓரம் மட்டும் வெளுத்தபடியே இருந்தது.

டாக்டர் கண்ணில் முதலில் பட்டது அந்த ஓரம்தான். "இது ஏன் இப்படி இருக்கு?"

அத்தான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "அது என் கைவேலை டாக்டர். மாப்பிள்ளை மேல தப்பில்ல" என்று துகள் பாக்கெட்டிலிருந்து பாத்திரப் பொடி வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

டாக்டர் அத்தானைப் பார்த்தார். "பாக்கெட்டைக் கையில எடுத்துட்டீங்க. அப்புறம் ஏன் கொட்டலை?"

"கொட்டிட்டா திரும்ப எடுக்க முடியாது சார். அதான் குப்பியை முதல்ல பாத்தேன்."

"நானும் பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி அப்படித்தான் யோசிப்பேன்" என்றார் டாக்டர். "திங்கக்கிழமையே வந்துடறீங்களா?"

திங்கட்கிழமை அத்தான் செருப்பை மாட்டும்போது அம்மா வாசலுக்கு வந்தார். உள்ளங்கையில் குப்பி இருந்தது.

"ஃபில்டர் தண்ணியிலதான் அலசினேன் மாப்பிள்ளை. பொடி பக்கமே போகலை."

அத்தான் அதை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு வேலைக்குப் போனார்.