அக்காவின் காலண்டரில் ஒரு புதன்கிழமை

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைந்திருக்கும். காரியத்தன்று வீட்டுக்கு வந்தவர்களில் பலர் கூடத்துச் சுவரையும் பீரோவையும் பார்த்துவிட்டு, "ஒங்க அக்கா வீட்ட வச்சிருந்த முறைய எழுதி வையுங்க தம்பி, எங்களுக்கும் ஒதவும்" என்று கேட்டுக்கொண்டார்கள். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அழுகை வந்து பாதியில் நின்றுவிடும் என்று என் மனைவி செல்வி பயந்தாள். அப்படி ஒன்றும் வரவில்லை. ஒரு வருடமாகவே எனக்கு எதுவும் வரவில்லை. காவல் நிலையத்தில் குறிப்பு எழுதிப் பழகிய கை இது. எழுத்து அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா அவர்கள் கீழப்பாவூரில் பிறந்தார். எங்கள் பெற்றோருக்கு நாங்கள் இருவர்தான். அக்கா மூத்தவர், நான் ஆறு வயது இளையவன். அப்பாவுக்கு நெல் விவசாயம். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, டைப்ரைட்டிங்கில் இரண்டு தேர்வும் எழுதினார். இருபத்தொரு வயதில் திருமணம். அத்தான் லாரி ஓட்டினார். மகள் கோமதிக்கு இரண்டு வயதாகும்போது அத்தான் விபத்தில் போய்விட்டார். ஒரு சூட்கேஸும் குழந்தையுமாக அக்கா எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார். மறுபடியும் யார் யாரோ பெண் கேட்டு வந்தார்கள். அக்கா ஒரே சொல்லில் வேண்டாம் என்றார். தென்காசியில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. கடைசி வரை அதே மேசைதான்.

எங்கள் அப்பா முக்கியமான காகிதங்களை முக்கியமான இடத்தில் வைப்பார். அந்த முக்கியமான இடம் மாதத்துக்கு ஒன்றாக மாறும். நான் போலீஸ் தேர்வில் ஓடி, கயிறு ஏறி, எல்லாம் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்த சமயம் சாதிச் சான்றிதழைக் காணவில்லை. நெல் மூட்டைக்குப் பின்னால் தேடினோம். சாமி படத்துக்குப் பின்னால், அரிசிப் பானைக்குள், அம்மாவின் கல்யாணப் புடவை மடிப்பில்கூடத் தேடினோம். புதிதாக வாங்க நாளும் இல்லை. நான்கு நாள் கழித்து, பீரோ தட்டில் விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில் கிடைத்தது. அதற்குள் அந்த வருட வாய்ப்புப் போய்விட்டது. அம்மா அப்பாவோடு பேசவில்லை. நான் இரண்டு நாள் பாயை விட்டு எழவில்லை.

அக்கா யாரையும் திட்டவில்லை. பஸ் ஏறித் தென்காசிக்குப் போய், பிளாஸ்டிக் பைல்களும் அழுத்தினால் நிறம் மாறும் நாலு கலர் பேனா ஒன்றும் வாங்கி வந்தார். ஆளுக்கு ஒரு பைல், மேலே பெயர். அப்பாவுக்கு நீலம், அம்மாவுக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை, கோமதிக்குக் கறுப்பு. "பச்சப் புள்ளைக்குப் போயி கறுப்பாட்டி?" என்று அம்மா முகம் சுளித்தார். "பேனாவுல இருக்கது நாலு கலருதாம்மா, நான் என்ன செய்ய?" என்றார் அக்கா. அவருடைய சொந்தக் காகிதங்களை அம்மாவின் பைலுக்குள் சொருகி வைத்தார். அது தவறு என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த வருடம் பச்சை எழுத்தில் என் பெயர் போட்ட பைலோடு சரிபார்ப்புக்குப் போனேன். வேலை கிடைத்தது.

அப்பா இறந்த பிறகு குடும்பம் தென்காசிக்கு வந்தது. நீலம் செல்விக்கு ஆயிற்று. இனி கேட்டவர்களுக்காக அக்காவின் முறைகளை எழுதுகிறேன்.

கூடத்தில் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர், பெரிய கட்டம் போட்டது. யாருக்கு என்ன வேலை வந்தாலும், கேட்ட அந்த நிமிடமே அவரவர் நிறத்தில் எழுத வேண்டும். "அப்பறம் எழுதுதேன்னு சொல்லுதவன் எழுத மாட்டான்" என்பார். ஒருவர் எழுதிய கட்டத்தின் மேல் இன்னொருவர் எழுதக் கூடாது. முதலில் எழுதியவருக்குத்தான் அந்த நாள். இந்த ஒரு விதியால் எங்கள் வீட்டில் மாமியார் மருமகள் சண்டை பாதி குறைந்தது என்று செல்வியே சொல்வாள். கேஸ் சிலிண்டர் மாற்றினால் அன்றைய கட்டத்து மூலையில் ஒரு புள்ளி. அடுத்தது எப்போது தீரும் என்று புள்ளிகளைப் பார்த்தே சொல்லிவிடுவார். வாசல் நிலைப் பக்கம் சாவிக்கு ஐந்து ஆணி. சாவியை வேறு எங்காவது வைத்தவருக்கு அன்று காபி கிடையாது. எனக்கு எத்தனையோ நாள் கிடைக்காமல் போயிருக்கிறது.

அம்மாவின் சர்க்கரை மாத்திரைகளுக்கு வாரம் ஏழு நாளுக்கும் அறை பிரித்த டப்பா. ஆஸ்பத்திரிக்கு என்று ஒரு பை எப்போதும் தயாராகப் பீரோ மேல் இருக்கும்: துண்டு, டம்ளர், போர்வை, போன் சார்ஜர், மருந்துச் சீட்டுகளின் நகல். குற்றாலத்துக்குத் தனியாக ஒரு கூடை. சாரல் விழுந்துவிட்டால் எங்கள் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வராத வாரம் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். எண்ணெய், சீயக்காய், ஈரத்துணிக்குப் பை, பெண்கள் உடை மாற்ற மறைப்புத் துணி கட்ட ஊக்கு, எல்லாம் அதில் இருக்கும். என்னென்ன வேண்டும் என்ற பட்டியலை மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தார். வாட்ஸ்அப்பில் ஒரு குடும்பக் குழு நடத்தினார். அதில் காலை வணக்கம் போட்டவர்களை அன்றே வெளியேற்றினார். பெரியப்பா மகனை மூன்று முறை வெளியேற்றியிருக்கிறார். தென்காசி மாவட்டம் ஆவதற்கு முன்பே எங்கள் வீட்டில் ஒரு கலெக்டர் உண்டு என்று அந்த அண்ணன் கேலி செய்வார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக் கூட்டம். டீயும் முறுக்கும் வைத்து எல்லோரும் உட்கார வேண்டும். அக்கா காலண்டர் முன் நின்று, வரும் வாரத்தின் ஏழு கட்டங்களையும் விரல் வைத்து வாசிப்பார். பத்து நிமிடம்தான். "திங்க, செவப்பு. அம்மாவுக்குக் கண்ணு டாக்டர். செவ்வாய், பச்ச. இவனுக்கு கோர்ட்டு டூட்டி." இப்படிப் போகும். அதற்குப் பிறகு வாரம் முழுக்க யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அது பெரிய வசதி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு மேல் எழுதப்போவது நீங்கள் கேட்டது இல்லை. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அச்சடித்தால் இந்த மலர் பொய்யாகிவிடும்.

நோய் முற்றும்வரை அக்காவுக்கு எந்த அறிகுறியும் இல்லை என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னோம். சொன்னவன் நான். அது உண்மை இல்லை.

போன சாரலுக்கு முந்திய சாரல். எனக்கு அருவியில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் வேலை போட்டிருந்தார்கள். ஒரு நாள் காலை கிளம்பிக்கொண்டிருந்தபோது, வயிற்று வலிக்காக டாக்டரைப் பார்க்கப் போயிருந்த அக்கா போன் செய்தார்.

"ஏலே, காலண்டர்ல ஒண்ணு போடு. வார புதன்கெழம திருநெல்வேலிக்கு ஸ்கேனுக்குப் போணும். வெறும் வயித்தோட வரச் சொல்லுதாவ."

"சரிக்கா. வலி ரொம்ப இருக்கா?"

"அதெல்லாம் இல்ல. நான் இப்படியே ஸ்கூலுக்குப் போறேன். இப்பமே போட்டுரு, என்னா?"

பேனாவை எடுத்துக்கொண்டு காலண்டர் முன் நின்றேன். எந்த நிறத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. சிவப்பில் எழுதினால் அம்மாவுக்கு ஆகிவிடும். பச்சையில் எழுதினால் எனக்கு. அத்தனை வருடமாக அந்தச் சுவரில் அக்காவின் வேலை ஒன்றுகூட எழுதப்பட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சாயங்காலம் வந்ததும் அவரிடமே கேட்டு எழுதலாம் என்று பேனாவை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அருவியில் அன்று நல்ல கூட்டம். சாயங்காலம் அது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் செல்வியின் சித்தப்பா போன் செய்தார். புதன்கிழமை ஒன்பது பேர் குளிக்க வருவதாகச் சொன்னார். செல்வி கேட்ட அந்த நிமிடமே நீலத்தில் எழுதினாள். அவள் முறைப்படிதான் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு அக்கா வாசித்தார். "புதன், நீலம். செல்வி சித்தப்பா வீட்ல ஒம்பது பேரு வாராவ." வாசித்துவிட்டு விரலை அந்தக் கட்டத்திலிருந்து எடுக்கவில்லை. அப்படியே நின்றார். எனக்கு அப்போது நினைவு வந்துவிட்டது. வாயைத் திறந்திருக்கலாம். ஒன்பது பேருக்குச் சமைக்க அக்கா இல்லாமல் முடியாதே என்றும், ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்றும் நினைத்தேன். எழுதிய கட்டத்தின் மேல் எழுதக் கூடாது என்பதும் அவர் போட்ட விதிதானே என்று மனதுக்குள் ஒரு சமாதானம். அக்கா விரலை எடுத்து, "வியாழன், ஒண்ணும் இல்ல" என்று அடுத்த கட்டத்துக்குப் போனார்.

அந்தப் புதன்கிழமை வந்தவர்களும் இந்த மலரைக் கையில் வைத்திருப்பீர்கள். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. உங்களுக்குத் தெரியாது. அன்று அக்கா எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்து, கூடையை எடுத்து, உங்கள் கூட ஐந்தருவி வரை வந்தார். அடுத்த வாரம் வேறு விருந்தாளிகள். பிறகு பள்ளியில் தேர்வு வேலை. ஸ்கேன் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஐப்பசியில் பள்ளி அலுவலகத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் திருநெல்வேலிக்குப் போனோம். அதற்குள் நோய் முற்றியிருந்தது. முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "அது சொல்ல முடியாதுங்க" என்றார். தினமும் அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கோமதி கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கிறாள். லீவு போட்டு வந்ததும் முதல் வேலையாகக் கடைக்குப் போய் ஊதா நிறப் பேனா ஒன்று வாங்கி வந்தாள். "எனக்கெதுக்குட்டி தனியா?" என்றார் அக்கா. கோமதி மருந்து ஏற்றும் நாட்களை ஊதாவில் எழுதினாள். ஊதா எழுத்தில் அக்காவின் பெயர் போட்ட பைலும் வந்தது. ஏழு மாதத்தில் அது மற்ற நான்கையும் விடப் பருத்துவிட்டது. மாத்திரை அட்டவணையை அக்காவே கோடு போட்டு எழுதினார். எந்தப் பைலில் எது இருக்கிறது என்று செல்வியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். "மைனி, இதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று செல்வி அழுதாள். "நீ எழுதிக்கோ, அப்பறம் அழு" என்றார். புதன்கிழமையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு நினைவு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

ஒரு விடிகாலையில், கோமதி கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, வீட்டிலேயே போனார். இறப்புப் பதிவுக்கும் மற்றதுக்கும் வேண்டிய காகிதம் எல்லாம் ஊதா பைலில் வரிசையாக இருந்தது. நகல்கூட எடுத்து வைத்திருந்தார். எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. தேட வேண்டியிருந்தால் அன்று எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

முறைகளை எழுதச் சொல்லிக் கேட்டவர்கள் இதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பைல் வாங்குங்கள், காலண்டர் மாட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். எல்லாம் நல்ல பழக்கம். ஆனால் உங்கள் வீட்டில் பேனாவைப் பிடிப்பவர் யாரோ, அவருக்கான நாள் சுவரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் கையில் கிடைத்த நிறத்தில் எழுதுங்கள்.

அக்காவுக்காக ரத்தம் கொடுத்த என் நிலையத்து நண்பர்களுக்கும், பள்ளி முடிந்ததும் முறை வைத்து வந்து உட்கார்ந்திருந்த அக்காவின் உடன் பணியாற்றிய ஆசிரியைகளுக்கும், திருநெல்வேலிக்குப் போன ஒவ்வொரு முறையும் காரை நிறுத்திக் காத்திருந்த கடையநல்லூர் டிரைவர் பாய்க்கும், கேட்காமலே சோறு கொடுத்து அனுப்பிய பக்கத்து வீட்டு ஆச்சிக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய பெரியப்பா மகனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவைப் பார்க்க வந்தும், வர முடியாமல் போனில் அழுதும் எங்களைத் தாங்கிய உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறோம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வேறு யார் வாயிலிருந்தும் அவர் இதைக் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். மகளைக் கொன்றுவிட்டாயே என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் சொல்லட்டும் என்றுதான் இருந்தேன். முழுவதும் கேட்டார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏலே, ஒன் பேர மட்டும் போட்டா எப்படி? அன்னைக்கு நானும் அங்கனதான இருந்தேன். அவா புதன்கெழமையில வெரல வச்சுட்டு நின்னா. பாத்துட்டுதான் இருந்தேன். பெத்தவ நான், என்னட்டின்னு ஒரு வார்த்த கேக்கல. அதையும் எழுது."

எழுதிவிட்டேன், அம்மா.