ஓடாத டவரும் குணசுந்தரியின் தலைவலியும்

தங்கச் சுரங்கத்தை இழுத்து மூடிய 2001-இல்தான், ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் தெரு துணிக்கடை மாடியில் செல்போன் டவர் ஏறியது. எதிரே பாலர் பள்ளியில் ஆயா வேலை பார்த்த குணசுந்தரிக்கு மறுவாரமே தலைவலி ஆரம்பித்தது.

அவள் யார் பேச்சையும் லேசில் நம்பமாட்டாள். காரணம் உண்டு. கணவர் தங்கவேலு சுரங்கத்தில் பாறை துளைத்தவர். இருமலோடு போகும்போதெல்லாம் ஒரு டாக்டர், "வெறும் சளி, ஒண்ணுமில்லை" என்று அனுப்பிவிடுவார். கடைசியில் வேலூரில் எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரல் முழுக்கக் கல்தூசி. நாற்பத்தாறு வயதில் போய்விட்டார்.

டவரைப் பற்றிக் கேட்டாலும் கம்பெனி ஆட்கள் "ஒண்ணுமில்லை" என்றே சொன்னார்கள். குணசுந்தரி வீடு வீடாகப் போய் யாருக்குத் தலைவலி, யாருக்குத் தூக்கமில்லை என்று விசாரித்தாள். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர் தேறினோம். பிள்ளைகள் தூங்கும் பாய்களைத் தெருப்பக்கச் சுவரிலிருந்து இழுத்துப் பின்கட்டில் போட்டாள். ஹெட்மிஸ்ட்ரஸ் பார்வதம்மா சிரித்தார், தடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பெங்களூரிலிருந்து பிரதாப் என்ற இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். குணசுந்தரி வழிமறித்தாள்.

"இன்னா சார், உங்க புள்ளைய இதுக்குக் கீழ படுக்க வெப்பீங்களா?"

"அம்மா, இது இன்னும் ஓடவே இல்ல. இன்னிக்குத்தான் கரண்டே குடுக்கப் போறோம்."

கூட்டம் சிரித்தது. எங்கள் பதினொரு பேரில் சிலரும் சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

மறுநாள் பார்வதம்மா அவளைக் கிளினிக்குக்கு அழைத்துப்போனார். பிரஷர் நூற்றெண்பதைத் தாண்டியிருந்தது. மாத்திரை போட்டதும் பத்தே நாளில் வலி விட்டது. இனி டவரை மறந்துவிடுவாள் என்று நினைத்தோம்.

மறக்கவில்லை. அவள் விடாமல் கேட்டதால், அடுத்த மாதம் பிரதாப் கதிர்வீச்சு மீட்டரோடு வந்து பள்ளி வாசலில் அளந்து, "சேஃப்தாம்மா" என்றார்.

"அந்த நம்பரை எழுதி, கையெழுத்து போட்டுக் குடுங்க."

நம்பரை எழுதினார். பேனா அங்கேயே நின்றது. "கையெழுத்து போட எனக்குப் பர்மிஷன் இல்லம்மா."

"வாயால சொல்றதுக்கு மட்டும் பர்மிஷன் கீதா?"

அவர் மீட்டரை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"தலைவலிதான் போயிடுச்சே, இன்னும் இன்னா?" என்று நான் கேட்டேன்.

"என் தலைவலி பிரஷர்தான், ஒத்துக்கறேன். அதுக்காக அந்த டவர் நல்லதுன்னு ஆயிடுமா?" என்றவள், பிள்ளைகளை எழுப்பப் பின்கட்டுக்குப் போனாள்.